மாதுளை… மாத்திரைக்கு மாற்றா, துணையா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி, ஒரே கடிதத்தில் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். வீட்டை ஒட்டிய அரை ஏக்கரில் ‘பகவா’ ரக மாதுளை நிற்கிறது. கிணற்றில் தண்ணீர் குறைந்ததால் சில வாரங்கள் காயவிட்ட மரங்களுக்கு, திடீரென்று இரண்டு நாள் நல்ல மழை. காய்களில் பாதி வெடித்துவிட்டன. வந்த வியாபாரி, வெடிக்காத காய்களை மட்டும் எடைபோட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூடை கூடையாக மிஞ்சிக் கிடக்கும் வெடித்த பழங்களை என்ன செய்வது என்பது ஒரு கேள்வி.

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்திருக்கும் மகளைப் பற்றியது இன்னொரு கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.4 கிராம்தான் இருந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டால் குமட்டுகிறது, மலச்சிக்கல் ஆகிறது என்று மகள் நிறுத்திவிட்டார். ‘தோட்டத்துல மாதுளை கொட்டிக் கிடக்கு. தினம் ஒரு டம்ளர் சாறு குடிச்சா ரத்தம் தானா ஊறும். மாத்திரை எதுக்கு?’ என்கிறார் அப்பத்தா. அவர் சொல்வது சரிதானா என்று கேட்டிருக்கிறார் வாசகி.

பழம் இரண்டு நாள் பொறுக்கும். பிள்ளைத்தாய்ச்சியின் உடம்பு பொறுக்காது. அதனால், இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்.

மாத்திரையை நிறுத்தக் கூடாது

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தர நிலை. 7-க்குக் கீழே கடுமையான நிலை. 8.4 கிராம் என்பது நடுத்தர ரத்தசோகை. இதை அப்படியே விட்டால் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று சிக்கல் வரலாம். பிரசவத்தின்போது ஓரளவு ரத்தம் போனால்கூட தாயின் உயிருக்கு ஆபத்தாகலாம். இது ஏதோ ஒரு வீட்டுப் பிரச்னை மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது.

அரசு கொடுக்கும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும், 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ரத்தசோகை இல்லாத கர்ப்பிணிகளுக்கே தினம் ஒன்று வீதம் 180 நாள்கள் கொடுக்கிறார்கள். ரத்தசோகை வந்துவிட்டால் எத்தனை மாத்திரை, எத்தனை நாள், ஊசி தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மகளை உடனே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய், மாத்திரையை நிறுத்திய விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. திட்டுவார்களோ என்று தயங்க வேண்டியதில்லை. குமட்டலும் மலச்சிக்கலும் பலருக்கும் வருவதுதான். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது, இரவில் படுக்கப் போகும்முன் போடுவது, வேறு மாத்திரை மாற்றித் தருவது என்று அதற்கு வழிகள் இருக்கின்றன. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால் வருவது. பயப்பட வேண்டாம்.

மாதுளைக்குள் என்னதான் இருக்கிறது?

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச்சத்து அட்டவணையில் 100 கிராம் மாதுளை முத்துகளுக்குக் கொடுத்திருக்கும் அளவுகள் இவை.

தண்ணீர் – சுமார் 78 கிராம்
மாவுச்சத்து, சர்க்கரை எல்லாம் சேர்த்து – சுமார் 19 கிராம் (இதில் சர்க்கரை மட்டும் சுமார் 14 கிராம்)
நார்ச்சத்து – 4 கிராம்
புரதம் – 1.7 கிராம்
கொழுப்பு – 1.2 கிராம்
பொட்டாசியம் – 236 மில்லிகிராம்
வைட்டமின் சி – 10 மில்லிகிராம்
ஃபோலேட் – 38 மைக்ரோகிராம்
இரும்புச்சத்து – 0.3 மில்லிகிராம்
எரிசக்தி – 83 கலோரி

கடைசிக்கு முந்தைய வரியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். 100 கிராமில் 0.3 மில்லிகிராம் என்றால், ஒரு கிலோ முத்தில் 3 மில்லிகிராம். ஒரே ஒரு மாத்திரையில் இருக்கும் 60 மில்லிகிராமை மாதுளையிலிருந்து எடுக்க வேண்டும் என்றால், 20 கிலோ முத்து சாப்பிட வேண்டும். பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதிதான் முத்து தேறும். அப்படியானால் 40 கிலோ பழம்! இதை யாராலும் ஒரு நாளில் சாப்பிட முடியாது. சாற்றில் இரும்பு இன்னும் குறைவு. புட்டியில் வரும் மாதுளைச் சாற்றில் 100 கிராமுக்கு 0.1 மில்லிகிராம்தான் இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவை 27 மில்லிகிராம்.

‘சிவப்பா இருக்கு, அதனால ரத்தம் ஊறும்’ என்ற நம்பிக்கை பல ஊர்களில் உண்டு. முத்தின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. கறுப்புத் திராட்சையிலும் நாவல்பழத்திலும் இருக்கும் அதே வகை நிறமிதான் இது. ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான இரும்போடு இதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது. சாறு குடித்ததும் கொஞ்சம் தெம்பாக இருப்பதுபோலத் தெரிவது, அதிலுள்ள சர்க்கரை உடனே ரத்தத்தில் கலப்பதால்தான்.

இந்த இடத்தில் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. மகாராஷ்டிராவின் சோலாப்பூரில் உள்ள தேசிய மாதுளை ஆராய்ச்சி மையம், ‘சோலாப்பூர் லால்’ என்ற சத்து கூட்டிய ரகத்தை 2017-ம் ஆண்டில் வெளியிட்டது. இதன் முத்தில் 100 கிராமுக்கு 5.6 முதல் 6.1 மில்லிகிராம் வரை இரும்புச்சத்து இருப்பதாக அறிவித்திருக்கிறார்கள். அது தனி ரகம். தோட்டத்தில் நிற்கும் பகவாவை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அந்த ரகத்திலேயே ஒரு மாத்திரைக்கு ஈடாக ஒரு கிலோ முத்து தினமும் சாப்பிட வேண்டியிருக்கும். ஆக, புதிதாக நடுபவர்கள் யோசித்துப் பார்க்கலாமே தவிர, ரத்தசோகைக்கு அது மருந்தாகாது.

அப்பத்தா சொன்னதிலும் நியாயம் உண்டு

அதற்காக மாதுளையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மாத்திரைக்கு அது மாற்று இல்லை. ஆனால், நல்ல துணை.

மகள் மாத்திரையை நிறுத்தியதற்கு ஒரு காரணம் மலச்சிக்கல். 100 கிராம் முத்தில் 4 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. விதையோடு மென்று சாப்பிட்டால், மலச்சிக்கலைக் குறைக்க அது கைகொடுக்கும். சாறாக வடிகட்டினால் நார்ச்சத்து முழுவதும் சக்கையோடு குப்பைக்குப் போய்விடும். ஆக, அப்பத்தா கொடுக்க வேண்டியது டம்ளர் சாறு அல்ல, ஒரு கிண்ணம் முத்து. கூடவே தண்ணீரும் தாராளமாகக் குடிக்க வேண்டும்.

இரண்டாவது துணை, வைட்டமின் சி. தானியம், பயறு, கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளாது. அதே வேளை உணவில் வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக உறிஞ்சும். மாதுளையில் 10 மில்லிகிராம் இருக்கிறது. கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதனால் மாதுளையோடு பாதி கொய்யாவோ, ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சைச் சாறோ சேர்ப்பது நல்லது.

இரும்புக்கு நம் ஊர் தானியத்தையும் பயறையும்தான் நம்ப வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேலும், கேழ்வரகில் 4 மில்லிகிராமுக்கு மேலும், கொள்ளில் 8 மில்லிகிராமுக்கு மேலும் இரும்பு இருக்கிறது. முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அது உடம்பில் சேர்வது கூடும். கம்பங்கூழை இரவு கரைத்துவைத்துக் காலையில் குடித்த பழக்கத்தில் நல்ல விஷயம் இருந்திருக்கிறது. முட்டை, மீன், கறி சாப்பிடும் வீடு என்றால் அவற்றையும் சேர்க்கலாம். கறியிலும் மீனிலும் இருக்கும் இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். புளி சேர்த்த குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால், சட்டியிலிருந்தும் கொஞ்சம் இரும்பு இறங்கும்.

டீயும் காபியும் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தவிர்க்க வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒன்று காலையில், ஒன்று இரவில் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் பரிசோதித்துப் பார்ப்பது அவசியம்.

வெடித்த பழம்… எது சமையலுக்கு ஆகும்?

எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. அன்றோ, முதல் நாளோ வெடித்து, முத்து பளபளவென்று இருந்தால் தாராளமாக எடுக்கலாம். எறும்பும் ஈயும் மொய்த்த பழம், புளித்த வாடை அடிக்கும் பழம், பூஞ்சணம் பிடித்த பழம், துளைபோட்ட புழு உள்ளே இருக்கும் பழம் எல்லாம் ஆகாது. முத்து பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறி, உள்ளே அழுகல் தெரிந்தால் முழுப் பழத்தையும் கழித்துவிட வேண்டும். ‘கெட்ட பக்கத்தை அறுத்துப் போட்டுட்டு மிச்சத்தை வெச்சுக்கலாம்’ என்ற கணக்கு இதற்குச் சரிவராது. சாறு நிறைந்த பழத்தில் பூஞ்சண நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும்.

ரசாயன மருந்து தெளித்த தோட்டமாக இருந்தால், டப்பாவில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாள்கள் முடிந்த பழத்தை மட்டுமே வீட்டுக்கு எடுக்க வேண்டும். வெடித்த பழத்தில் மருந்து நேராக முத்திலேயே படிந்திருக்கும்.

வெடிக்கும் என்று பயந்து காயை முன்கூட்டியே பறிப்பதிலும் லாபமில்லை. வாழை, மா மாதிரி மாதுளை பறித்த பிறகு பழுக்காது. மரத்தில் எவ்வளவு இனிப்பு ஏறியதோ அவ்வளவுதான். தட்டிப் பார்த்தால் உலோகத்தைத் தட்டியதுபோலச் சத்தம் வருவதும், உருண்டையாக இருந்த காயில் பட்டைகள் விழுவதும் முதிர்ச்சியின் அடையாளங்கள்.

அடுப்படியில் மாதுளை

முத்து உதிர்க்க: மேல் பக்கக் கிரீடத்தை வட்டமாகச் சீவிவிட்டு, பட்டைகள் இருக்கும் இடத்தில் தோலை மட்டும் நீளவாக்கில் கீறி, தண்ணீர் நிறைந்த அகலப் பாத்திரத்துக்குள் வைத்துப் பிரிக்க வேண்டும். முத்து அடியில் தங்கும். வெள்ளைச் சவ்வு மேலே மிதக்கும். சட்டையில் கறை படாது. தண்ணீரை வடித்து, துணியில் ஒற்றி, மூடிபோட்ட டப்பாவில் வைத்தால் குளிர்பதனப் பெட்டியில் சில நாள்கள் இருக்கும். ஃப்ரீஸரில் வைத்தால் மாதக்கணக்கில் வைத்துச் சாறுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

தயிர் சாதம், பச்சடி: மாதுளை முத்துக்குத் தமிழ்நாட்டில் அதிகம் பழக்கமான இடம் இதுதான். பரிமாறும் நேரத்தில்தான் தூவ வேண்டும். முன்பே கலந்தால் தயிர் நீர்த்து, நிறமும் இறங்கிவிடும்.

முளைப்பயறுச் சுண்டல்: முளைகட்டிய பாசிப்பயறு ஒரு கப், மாதுளை முத்து அரை கப், துருவிய கேரட் கொஞ்சம், நறுக்கிய கொத்தமல்லி, உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. கர்ப்பிணிக்குக் கொடுப்பதாக இருந்தால் பயறைக் கட்டாயம் வேகவைத்த பிறகே கலக்க வேண்டும். இரும்பு, வைட்டமின் சி, நார்ச்சத்து மூன்றும் ஒரே கிண்ணத்தில் கிடைக்கும். வாசகியின் மகளுக்கு மாலை நேரத்துக்கு ஏற்ற பண்டம் இது.

சாறு: மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு, மூன்று சுற்றுதான். விதை அரைபட்டால் கசக்கும். சவ்வும் தோலும் சேர்ந்தால் துவர்க்கும். வடிகட்டி, சர்க்கரை போடாமல் உடனே குடித்துவிட வேண்டும்.

மாதுளைப் பாகு: ஈரானிலும் சிரியா, லெபனான் பக்கத்திலும் புளிப்பு மாதுளைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, நாம் புளியைப் பயன்படுத்துவதுபோலச் சமையலில் சேர்க்கிறார்கள். ஈரானின் ‘ஃபெசென்ஜான்’ என்ற குழம்பு, வால்நட் பருப்பை அரைத்து, மாதுளைப் பாகு ஊற்றிக் கோழியோ வாத்தோ சேர்த்து வைப்பது. நம் வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு லிட்டர் சாற்றை எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் வைத்து, கால் லிட்டராகும்வரை சுண்டவிட வேண்டும். பகவா இனிப்பு ரகம் என்பதால் கடைசியில் இரண்டு எலுமிச்சைப் பழச் சாற்றைச் சேர்த்துக்கொண்டால் புளிப்பு நிற்கும். ஆறியதும் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிரில் வைக்கலாம். கத்திரிக்காய் வதக்கலுக்கும், கோழி வறுவலுக்கு ஊறவைக்கவும் ஒரு கரண்டி போதும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, புளிப்பு அரிக்கும். இதற்கு இரும்புச் சட்டியும் வேண்டாம், சாறு கறுத்துப்போகும்.

ஸ்குவாஷ்: ஒரு லிட்டர் சாறுக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் சர்க்கரை, ஒரு லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர், சுமார் 35 கிராம் சிட்ரிக் அமிலம். சர்க்கரை, தண்ணீர், சிட்ரிக் அமிலம் மூன்றையும் காய்ச்சி, வடிகட்டி, ஆறிய பிறகு சாற்றைக் கலக்க வேண்டும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துக் குடிக்கலாம். வீட்டுக்கு மட்டும் என்றால் குளிரில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடலாம். விற்பனைக்கு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். பதப்படுத்தும் பொருளின் அளவையும் பயிற்சியில் கற்றுக்கொண்டே செய்ய வேண்டும். எலுமிச்சை ஸ்குவாஷுக்குப் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டை மாதுளைக்குப் போட்டால் சிவப்பு வெளுத்துவிடும். சிவப்புப் பழங்களுக்கு சோடியம் பென்சோயேட்தான் வழக்கம். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் மதிப்புக்கூட்டல் பயிற்சி எப்போது என்று விசாரிக்கலாம்.

உலர் முத்து: இமாசலப் பிரதேசத்திலும் ஜம்முவிலும் காட்டு மாதுளையின் புளிப்பு முத்துகளைக் காயவைத்து ‘அனார்தானா’ என்று விற்கிறார்கள். கொண்டைக்கடலை மசாலாவிலும் சட்னியிலும் புளிப்புக்காகச் சேர்ப்பது அது. பகவா, கணேஷ் போன்ற இனிப்பு ரகங்களில் அந்தப் புளிப்பு வராது. வேலியோரம் பழைய புளிப்பு மாதுளை நிற்கும் வீட்டுக்காரர்கள் முயன்று பார்க்கலாம்.

ஓடு: ஓட்டில் துவர்ப்புச் சத்தான டானின் மிக அதிகம். சித்த மருத்துவத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் கொடுக்க வேண்டியது உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். ஓட்டுக் கஷாயத்தைக் கர்ப்பிணிக்குத் தானாகக் கொடுக்கவே கூடாது. மிஞ்சிய ஓடும் சக்கையும் கம்போஸ்ட் குழிக்குப் போகட்டும்.

யாருக்குக் கவனம் வேண்டும்?

சர்க்கரை நோய் இருப்பவர்கள் சாறைத் தவிர்த்து, அரை கிண்ணம் முத்தை மென்று சாப்பிடலாம். ஸ்குவாஷ் அவர்களுக்கு ஆகாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், தொடர்ந்து ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் தினமும் சாறு குடிக்க ஆரம்பிக்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு முத்தை முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கலாம். நசுக்கி, விதை நீக்கிக் கொடுப்பது நல்லது.

அடுத்த பருவத்தில் வெடிக்காமலிருக்க…

வெடிப்புக்கு முக்கியக் காரணம், காயவிட்டு, திடீரென்று தண்ணீர் பாய்வது. காய்ந்திருக்கும்போது தோல் இறுகிவிடும். தண்ணீர் கிடைத்ததும் முத்து வேகமாகப் பெருக்கும். இறுகிய தோல் தாங்காமல் பிளந்துவிடும். மழையை நிறுத்த முடியாது. ஆனால், காய் பெருக்கும் காலத்தில் சொட்டுநீரில் கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் கொடுத்து, மரத்தடியில் மூடாக்குப் போட்டு வைத்தால், மழை வந்தாலும் அந்த ஏற்ற இறக்கம் குறையும். போரான் பற்றாக்குறையும் ஒரு காரணம். மண்ணையும் இலையையும் பரிசோதித்த பிறகே அதைக் கொடுக்க வேண்டும். அளவு கூடினால் போரான் நஞ்சாகிவிடும். வெடிப்பைச் சுற்றி எண்ணெய்ப் பசைபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது தண்ணீர்ப் பிரச்னை இல்லை. பாக்டீரியா கருகல் நோயாக இருக்கலாம். அந்தக் காய்களைத் தோட்டத்தில் போட்டுவைக்காமல் அப்புறப்படுத்திவிட்டு, தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் காட்ட வேண்டும்.

மிஞ்சிய பழத்தில் பாகும் ஸ்குவாஷும் இந்த வாரம் முடியும்போது செய்துகொள்ளலாம். நாளைக் காலையில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். மகளை அழைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். திரும்பி வந்ததும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பத்தா தன் கையாலேயே மாத்திரையை எடுத்துக் கொடுத்து, கூடவே ஒரு கிண்ணம் மாதுளை முத்தும் கொடுக்கட்டும்.